எல்ஸ்பெத் சொன்ன பெயர்

அந்த நாற்காலி வாசலுக்கு வந்தபோதே வேண்டாம் என்று சொன்னேன். இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்?

நாங்கள் குடியேறிய ஹில்ஸ்பரோவில், எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் கணவர் கீதன், கறுத்துப்போன மர நாற்காலி ஒன்றோடு திரும்பி வந்தார். விற்ற வெள்ளைக்காரி அதன் கதையையும் சிரித்தபடி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நானூறு வருடங்களுக்கு முன் ஸ்கொட்லாந்தில் ஒரு ஊரில் பசுக்கள் செத்தனவாம். எல்ஸ்பெத் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று பிடித்து, இதில்தான் கட்டினார்களாம். தூங்க விடவில்லை. கண் சொருகினால் ஊசியால் குத்தினார்கள். உன்னை ஏவியது யார், கூட இருந்தது யார் என்று மாறி மாறிக் கேட்டார்கள். தாங்க முடியாமல் அவள் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னாள். இருவரையும் எரித்துவிட்டார்கள்.

"நல்ல கதை, என்ன?" என்றார் கீதன்.

அன்றிலிருந்து எங்கள் ஐந்து வயது மகள் லக்ஷிகா தூங்கவில்லை.

வீட்டில் நனைந்த கம்பளி வாசம் வந்தது. மழைக்காலத்து ஈரம், ஹீட்டரைப் போட்டால் போய்விடும் என்றார் கீதன். போகவில்லை. ஈரத்துக்கு உள்ளே புகையும் மணத்தது. ஆளில்லாத ஹாலில் நாற்காலி மெல்ல முனகும். உட்கார்ந்து களைத்தவர்கள் பாரத்தை மாற்றி வைப்பதுபோல் இருக்கும்.

நாற்காலியில் இருக்கும் பெண்ணை யாரும் தூங்க விடுவதில்லை என்று பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டரோ டிவியைக் குறைக்கச் சொன்னார்.

"எறிஞ்சு விடுவம்" என்றேன்.

"உமக்கென்ன விசரே, வித்தியா?" என்றார் கீதன்.

கீதனின் அம்மா, மாமி இராசமலர், தன் வழியில் இறங்கினார். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் சுந்தரமூர்த்தி, லீவு நாட்களில் பேயோட்டுவார். மாமி கூப்பிட, ஞாயிறு மத்தியானம் வந்தார். வேப்பிலை கிடைக்கவில்லை என்று கறிவேப்பிலைக் கொத்தோடு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பிள்ளையை அதிலை இருத்துங்கோ."

இருத்தினார்கள். திருநீறு பூசினார். கொத்தால் தோளில் தட்டினார்.

"ஆர் நீ? ஆர் உன்னை ஏவினது?"

"கேள்வி கேக்காதைங்கோ ஐயா. எல்ஸ்பெத்தையும் அப்பிடித்தான் கேட்டுக் கேட்டு எரிச்சவை" என்றேன்."

"நீ சும்மா இரு, பிள்ளை" என்றார் மாமி. மகளைத் தூக்கப் போன என் கையைக் கீதன் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. ஆர் ஏவினது?"

ஹீட்டர் தானாக நின்றது.

லக்ஷிகாவுக்குத் தமிழில் நாலு வார்த்தை ஒழுங்காக வராது. அவள் வாயிலிருந்து தெளிவான தமிழில் கேள்வி வந்தது.

"பேர் சொன்னால் நித்திரை கொள்ள விடுவியளோ?"

"விடுறன். சொல்லு."

அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தன. கீதன். மாமி.

நான்.

"வித்தியா" என்றாள்.

அடுத்த கணமே தலை சரிந்து தூங்கிப்போனாள்.

நாற்காலியை அன்றே குப்பை கொட்டும் இடத்துக்குக் கொண்டு போனார்கள். லக்ஷிகா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். நான் பிசைந்த சோற்றை மட்டும் மாமி அவளுக்குக் கொடுக்க விடுவதில்லை. என் பிள்ளைக்கு நானே ஆகாதவளாகிவிட்டேன். கீதன் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார். "உண்மையைச் சொல்லும். என்ன செய்தனீர்? ஆர் சொல்லித் தந்தது?" ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

நான் தூங்குவதில்லை. நான் வேலை செய்யும் எல்லர்ஸ்லி ஆபீசில் பட்டப்பகலில் கண் சொருகினாலும் குதிகாலில் ஊசிபோல் சுருக்கென்று ஏறுகிறது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் நனைந்த கம்பளி வாசம் மட்டும். பிறகு, காதோடு காதாக, களைத்துப்போன ஒரு குரல்.

"ஒரு பேரைச் சொல்லிவிடு. விட்டுவிடுவார்கள்."

நேற்று மாமியின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.