நேரில் பார்த்த வீடு

வெளியே அளந்ததைவிட வீடு உள்ளே நீளமாக இருந்தது. ஹேமா டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி அளந்தாள். சுவர் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் ஓர் அறைக்கு இடம் இருந்தது. செஞ்சிக் கோட்டை மலையின் அடிவாரத்து வீடு அது. பின்சுவருக்கு அப்பால் வெறும் பாறைதான் என்பதைச் சற்று முன்னால் அவளே சுற்றிவந்து பார்த்திருந்தாள்.

அடமானத்துக்கு வரும் வீடுகளுக்கு மதிப்புப் போட்டு வங்கிக்குக் கொடுப்பது அவள் வேலை. மதிப்பீட்டாளர் நேரில் போய் உள்ளும் புறமும் பார்க்க வேண்டும் என்பது விதி. வாசல் கேட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மற்றதை வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வது பழக்கம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். ஹேமாவுக்கு வேறு அவசரமும் உண்டு. மேல்சித்தாமூரில் அவளுடைய சமண வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்படிப் பேச்சே கிடையாது, அதற்குள் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். போன வருஷம் இதே வீட்டையும் கேட்டோடு முடித்துக்கொண்டு, உள்ளே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குள்ளே டொக் டொக்கென்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. மல்லாட்டை உடைக்கிறார்கள் என்றாள் வீட்டுக்கார வளர்மதி. வேர்க்கடலை விளையும் ஊரில் அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

இப்போது அந்தக் கையெழுத்தை நம்பாமல், இந்த வீட்டின் ஒவ்வோர் அறையிலும் அவள் நிற்கிற படம் வேண்டும் என்கிறது வங்கி. இல்லையென்றால் இனி அவளுக்கு வேலை இல்லை.

"கடைசி ரூம நீங்க பாக்கவே இல்லியே," என்றாள் வளர்மதி, முதுகுக்குப் பின்னால். "பாத்துட்டன்னு எழுதிட்டீங்களாமே."

ஹேமாவுக்கு முகம் சுட்டது. போன் அடித்தது. நைனா, அவள் அப்பா. பொழுது போகுது, சாப்பிட வந்துடும்மா என்றார். ஒரே ஒரு ரூம்தான் நைனா என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கதவு தாழ்வாக இருந்தது. குனிந்து நுழைந்ததும் பகலெல்லாம் வெயில் குடித்த பாறையின் சூடும், வௌவால் எச்சத்தின் நெடியும், அடியில் லேசாக மனித வியர்வையும் சேர்ந்து மூக்கில் ஏறின. செல்போன் வெளிச்சம் தரையில் விழுந்தது. துருப்பிடித்த அளவு டேப் ஒன்று. மேலே பெயின்ட்டில் ஜெயராமன் என்று எழுதியிருந்தது.

அவளுக்கு முன்னால் இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர். உள்ளே போகாமல் கையெழுத்தே போடமாட்டார், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்பார்கள். திடீரென்று வேலைக்கு வராமல் நின்றுபோனார். சென்னைக்குப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தட்டியது யார் என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பினாள்.

கதவு இல்லை. பாறை.

கத்தினாள், தள்ளினாள், நகம் பெயரப் பிறாண்டினாள். போனில் சிக்னல் எடுக்கவில்லை, பிறகு அணைந்தும் போனது. உயரே ஒரு விரிசலில் மட்டும் வெளிச்சம் வந்தது, போனது, மறுபடி வந்தது. எத்தனை தரம் என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தாள். எப்படியோ அதன் வழியாக வாசல் கேட் தெரிந்தது. அவளுடைய ஸ்கூட்டி அங்கே இல்லை. யாரோ பைக்கில் வந்து இறங்கினார்கள்.

ஆனந்தராஜ். அவளோடு வேலை செய்பவன். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

குரல் பாறையைத் தாண்டவில்லை. டேப்பை எடுத்துத் தட்டினாள். டொக். டொக்.

ஆனந்தராஜ் நிமிர்ந்தான். வீட்டையே பார்த்தான்.

"இன்னா சத்தம் அது?"

"மல்லாட்டை உடைக்கிறாங்க," என்றாள் வளர்மதி. "உள்ள வந்து பாருங்களேன்."

வா. உள்ளே வா. வராதே. எதை வேண்டுவதென்று அவளுக்கே தெரியவில்லை. தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"பரவால்லக்கா. எத்தினி ரூமுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கேட்டில் நின்று ஒரு போட்டோ. பைக் சத்தம் தேய்ந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கை ஓய்ந்தது. டேப் கீழே விழுந்தது.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில். விரிசலின் கடைசி வெளிச்சத்தில், பாறையின்மேல் ஒரு கை. விரல்கள் கணுவரை தேய்ந்திருந்தன. அது பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தது.