அடி விழாத இடம்

அடியைக் காணோம். அடிக்கு வழிவிடுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டப் பாட்டு செய்கிறவர்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய மேள அடி விழும் கணத்தில் மற்ற ஒலிகளெல்லாம் சட்டென்று தணிந்து ஒதுங்கிக்கொள்ளும். அடி கடந்ததும் பழையபடி எழும். அப்போதுதான் அடி வயிற்றில் இறங்கும். ஓக்னியான் கடைசியாக விட்டுப்போன பாட்டைக் கணினியில் ஓடவிட்டபோது, கைதட்டல், சுதி, ஒரு பெண்ணின் முணுமுணுப்பு எல்லாம் நொடிக்கு இரண்டு முறை தணிந்து எழுந்தன. யாருக்காகத் தணிகின்றன என்று ஸ்விலென் தேடிப் பார்த்தான். மேளத்துக்கான வரிசை காலியாகக் கிடந்தது.

"சாகறதுக்கு முன்னாடி வேலைய முடிச்சுத் தொலைக்கக் கூடாதா?" என்றான், வெறும் அறையில்.

வாய் இருந்த அளவுக்கு அவனுக்கு வேலை தெரியாது. பதினோரு வருடமாகக் கடற்கரை மேடைகளில் ஸ்விலென் என்ற பெயர் ஆளுயர எழுத்தில் எரிகிறது. பாட்டுகளைச் செய்ததெல்லாம் ஓக்னியான், பூர்காஸ் என்ற கடலோர ஊரில் இந்த நிலவறையில், பஞ்சு அடைத்த சுவர்களுக்குள் உட்கார்ந்து. ஸ்விலென் செய்தது, முன்பே பதிந்துவைத்த ஒன்றரை மணி நேரத்தை மேடையில் ஓடவிட்டு, எதையும் மாற்றாத குமிழ்களைத் திருகி, இரண்டு கையையும் மேலே தூக்கியது. தூக்குவதை மட்டும் நன்றாகத் தூக்குவான். நானும் ஒருநாள் பக்கத்தில் நிற்கட்டுமா என்று ஓக்னியான் கேட்டதற்கு, "உன் மூஞ்சியப் பாக்க எவன்டா வருவான்?" என்று சிரித்தான். பிப்ரவரியில் ஓக்னியானுக்கு இதயம் நின்றது. அடக்கத்துக்கு ஸ்விலென் போகவில்லை. அன்றைக்கு அவனுக்கு எங்கோ மேடை இருந்தது.

இப்போது ஆகஸ்ட். வருகிற சனிக்கிழமை மாலை, சொந்த ஊர்க் கடற்கரையிலேயே பெரிய மேடை. புதுப் பாட்டு இல்லாவிட்டால், செத்தவனோடு ஸ்விலெனின் சரக்கும் தீர்ந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எங்கிருந்தோ ஒரு மேள அடியை எடுத்துக் காலி வரிசையில் ஒட்டினான். அது விழுந்த இடத்தில் ஒலிகள் தணியவில்லை. அதற்குக் கால் நொடி தள்ளித் தணிந்தன. அடியை நகர்த்தினான். தணிவும் நகர்ந்தது. எரிச்சலில் பாட்டை நிறுத்திவிட்டு பீர் எடுக்கப் போனான்.

ஃபிரிட்ஜின் இரைச்சல் தணிந்தது. எழுந்தது. தணிந்தது.

கதவைத் திறந்து பார்த்தான். கையை வைத்துப் பார்த்தான். நடுக்கம் ஒரே சீராக இருந்தது. சத்தம்தான் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அதிலும் இடையிடையே ஓட்டை விழுந்திருந்தது.

ஓக்னியானின் மனைவி ஸ்லாத்தினா வந்து நின்றாள். கையில் பசை டப்பா.

"அவரோட ஆறு மாச நினைவுத் தாளைக் கதவுல ஒட்டிட்டுப் போனேன். அதுக்கு மேலேயே உன் மூஞ்சி போட்ட போஸ்டரை ஒட்டி வச்சிருக்கியே?"

"கதவு ஒண்ணுதானே இருக்கு. வேற எங்க ஒட்டுறது?"

"செத்தவனுக்கு ஒரு கதவுல இடம் விடமாட்ட. நீயெல்லாம் ஒரு கலைஞன்! ரெண்டு கையையும் தூக்கினா அக்குளைத் தவிர வேற என்னடா இருக்கு உங்கிட்ட? வெக்…மே இல்லையா?"

வெட்கம் என்ற சொல்லின் நடுவில் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

"உனக்குக் கேக்கலையா?" என்றான்.

"என்ன கேக்…லையா?"

அவள் காறித் துப்பிவிட்டுப் படியேறினாள். ஸ்விலென் பஞ்சுக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பசை வாடையும் பழைய சிகரெட் வாடையும் அடர்ந்த அந்த இருட்டில் தன் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும்வரை காத்திருந்தான். கேட்டது.

அதுவும் தணிந்தது. எழுந்தது.

வெள்ளிக்கிழமை மருத்துவர் இரண்டு காதையும் பார்த்துக் குறையில்லை என்றார். சாலையில் பேருந்துகளின் இரைச்சல் குனிந்தது. கூரையில் கடற்காகங்களின் கத்தல் குனிந்தது. ஒவ்வொரு தணிவும் முந்தையதைவிட ஆழமாக இருந்தது, வருவது எதுவோ பெரிதாகிக்கொண்டே வருவதுபோல. மேடைகளை ஏற்பாடு செய்யும் மோம்சிலுக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, வேண்டாம் என்றான்.

"பயமாடா உனக்கு?" மோம்சில் சிரித்தான். "கழுதையக் கொண்டுபோய் நிறுத்தினாலும் குதிப்பானுங்க. அவனுங்க என்ன, கேக்கவா வர்றானுங்க? வரலைன்னு வை, இனி எந்த மேடையும் உனக்கில்ல."

போனான். சனிக்கிழமை மாலை ஐந்து மணி, நல்ல வெயில். பொரித்த மீன் வாடை, வெயிலுக்குப் பூசிய எண்ணெய் வாடை, இருபதாயிரம் பேரின் வேர்வை. பதிவை ஓடவிட்டுக் கையைத் தூக்கினான். கூட்டம் அலறியது. அலறல் தணிந்தது. எழுந்தது.

முதலில் அது தண்ணீரோரத்தில்தான் தெரிந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் ஆடிக்கொண்டே அரை அடி விலகினார்கள். அடுத்த தணிவில் அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டத்தை ஒருவரும் நிறுத்தவில்லை. ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு மணல் தெரிந்தது.

தணிவு. இன்னொரு வரிசை.

தணிவு. இன்னொன்று.

வழி நேராக மேடையைப் பார்த்து வந்தது. அதில் யாருமில்லை. மணலில் தடம்கூட இல்லை.

இசையை நிறுத்தினான். நின்றது. கூட்டம் ஆடிக்கொண்டே இருந்தது, சத்தமே இல்லாமல்.

முன்வரிசை விலகியது. படியில் நின்ற காவலாள் விலகினான். ஓரத்தில் நின்ற மோம்சில், கைபேசியில் பேசிக்கொண்டே, விலகினான்.

ஸ்விலென் குமிழ்கள் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமாக. விரல்கள் தாமாகப் பிரிந்தன. அவன் வலது கால் பக்கவாட்டில் அரை அடி நகர்ந்தது. இடது கால். மறுபடி வலது.

மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியானது. இருபதாயிரம் முகங்கள் அந்த இடத்தைப் பார்த்து மலர்ந்தன. இருபதாயிரம் ஜோடிக் கைகள் அதை நோக்கி உயர்ந்தன.

அவன் கத்தினான். குரல் தணிந்தது.

எழவில்லை.