உள்சுவரில் மூன்று அடுக்கு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பழைய வீட்டின் முன்னால் வேனை நிறுத்தியதும் பஞ்சு செய்த முதல் காரியம், கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நின்றதுதான். எந்த இடத்துக்குப் போனாலும் அவர் அப்படித்தான் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் போலத் தெரியும். அவர் சத்தங்களை எண்ணிக்கொண்டிருப்பார். இடப்பக்கம் ரோடு, பஸ். எதிரே ஒரு வெல்டிங் பட்டறை. மாடியில் தண்ணீர் மோட்டார். அவ்வளவுதான், சமாளித்துவிடலாம்.

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கிடங்குக்குள் வெயில் இறங்காமலும், ஓட்டல் அறைக்குள் பக்கத்து அறைப் பேச்சு வராமலும் சுவருக்குள் கம்பளிப் பஞ்சை அடைத்து அடைத்து, சொந்தப் பெயரையும் அதோடு சேர்த்து அடைத்துவிட்டார் என்று அவருடைய மைத்துனன் கேலி செய்வான். அவன் தச்சன். அக்காவின் புருஷனோடு சேர்ந்து எட்டு வருடமாகச் சட்டம் அடிக்கிறான்.

காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் அறை அமைக்க வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த காது டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

“முட்டை அட்டை ஒட்டினா போதும்னு ஒருத்தர் சொல்றாருங்க. போதுமா?”

“அது ரூமுக்குள்ள எதிரொலியத்தான் குறைக்கும் டாக்டரம்மா. வெளியில இருந்து வர்ற பஸ் அதுக்கெல்லாம் பயப்படாது. நமக்குக் கனம் வேணும், நடுவுல இடைவெளி வேணும், ஒரு ஓட்டை இருக்கக் கூடாது.”

சொல்லும்போது வழக்கமான வேலைதான் என்பது போலச் சொன்னார். ஆனால் இந்த வேலை அவருக்கு வழக்கமானதில்லை. அவருடைய மகளுக்கு ஆறு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்து இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உள்காதில் கருவி வைக்கும் ஆபரேஷன் செய்யலாம். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காது மெல்ல இறுகிக்கொண்டே வரும், முழுக்க இறுகிவிட்டால் வைக்க இடமிருக்காது. இரண்டு இடங்களில் எடுத்த பரிசோதனையையும், அறைக்குள் ரோட்டுச் சத்தம் வருகிறது, முடிவு செல்லாது என்று ஆஸ்பத்திரிக் குழு திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை குழு மறுபடியும் கூடுகிறது. “நீங்க ரூம் கட்டிக் குடுங்க. வெள்ளிக்கிழமை முதல் டெஸ்ட் உங்க பாப்பாவுக்குத்தான்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வீட்டின் கடைசி அறை. ஜன்னல் இல்லை. நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை மரப்பலகை. இதைவிடப் பொருத்தமான அறை கிடைக்காது என்று பஞ்சுவுக்கு உள்ளே நுழைந்ததுமே பட்டது. அறைக்குள் ஒரு வாடை மட்டும் இருந்தது. நனைந்து காய்ந்த கம்பளியின் வாடை.

மைத்துனன் கடப்பாரையைக் கொடுத்து முதல் பலகையைப் பெயர்த்தான்.

“மாமா, நம்ம ஆளு ஒருத்தன் நமக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கான்!”

பலகைக்குப் பின்னால் மெத்தை. அதன் மேல் கோணிச் சாக்கை இழுத்துப் பிடித்து வரிசையாக ஆணி அடித்திருந்தது. கதவின் உட்புறத்திலும் அதே வேலை. பலகை பிறகு வந்தது. ஒரு காலத்தில் இந்த அறையே மெத்தையாகத்தான் இருந்திருக்கிறது.

“யாரோ பாட்டுக்காரங்க போல, மாமா.”

பஞ்சு சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். இருபது வருடம் சுவரைப் படித்த மனிதர் அவர். சத்தம் உள்ளே வரக்கூடாது என்று நினைப்பவன் ரோட்டுப் பக்கச் சுவரில்தான் அதிகம் அடைப்பான். இங்கே ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு அடுக்கு. கூடத்தையும் படுக்கையறையையும் பார்த்த உள்சுவரில் மூன்று அடுக்கு. இந்த அறைக்குள்ளிருந்து வந்த ஏதோ ஒன்று இந்த வீட்டில் இருந்தவர்களின் காதிலேயே விழக்கூடாது என்று யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். உள்சுவரின் சாக்கு, தரையிலிருந்து அவருடைய இடுப்பு உயரம் வரை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அதற்கு மேலே நேற்று அடித்தது போல இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.

அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததை மென்று விழுங்கிவிட்டார்.

முறைப்படி அதை முழுக்கப் பிய்த்தெடுத்திருக்க வேண்டும். பழைய மெத்தைமேல் புதுச் சுவர் எழுப்பக்கூடாது, பூச்சி வரும், ஈரம் இறங்கும் என்று அவரே மற்றவர்களைத் திட்டியிருக்கிறார். ஆனால் மூன்று அடுக்கைப் பிய்த்து, சுவரைப் பூசி, காயவிட இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை தவறிவிடும்.

“மூணு பக்கம் எடுத்துடு. உள்சுவர் அப்படியே இருக்கட்டும். அதுவும் கனம்தானே. அதுக்கு முன்னால நம்ம சட்டத்தத் தனியா நிறுத்திடலாம்.”

“நீங்களா மாமா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன். செய் மாப்ளே.”

வியாழக்கிழமை மதியம் அறைக்குள் அறை தயாராகிவிட்டது. பழைய சுவரில் எங்கும் தொடாத சட்டம், அதற்குள் ராக் வூல் பஞ்சு, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, கதவில் இரட்டைக் கண்ணாடி, அதன் நான்கு பக்கமும் ரப்பர். சத்தம் அளக்கும் மீட்டரை நடுவில் வைத்தார். இருபத்தெட்டு டெசிபலுக்குள் இருந்தால் போதும். இருபத்திரண்டு காட்டியது. அதற்குக் கீழே அந்த மீட்டரால் காட்ட முடியாது.

கடைசியாக வெளிச்சப் பரிசோதனை. கதவுக் கண்ணாடியைத் துணியால் மூடி, உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்க, வெளியே மைத்துனன் டார்ச்சை விளிம்புகளில் ஓட்டுவான். ஒளி கசியும் இடத்தில் ஒலியும் கசியும். பஞ்சு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு துளி வெளிச்சம் இல்லை. வெளியே பட்டப்பகல் என்பதே மறந்துவிட்டது. தன் இதயம் அடிப்பது கேட்டது. தன் மூச்சு கேட்டது.

மூச்சைக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தார்.

மூச்சு கேட்டது.

உள்சுவர்ப் பக்கம். தரைக்குக் கிட்டே. அழுது ஓய்ந்த பிள்ளை விடும் மூச்சு, நடுவில் ஒரு விக்கலோடு. பிறகு அதுவும் நின்றது. இவர் இருப்பதைக் கண்டுகொண்டு கவனிப்பதுபோல நின்றது.

பஞ்சு சட்டென்று எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

“எங்கயாவது கசியுதா மாமா?”

“இல்ல” என்றார் பஞ்சு. “எங்கயும் கசியல.”

அந்தப் பொய்யை எதற்காகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

மறுநாள் பாப்பாவை நடுவில் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மடியில் ஒரு கிண்ணமும் பக்கத்தில் மரக்கட்டைகளும் வைத்தார் டாக்டரம்மா. சத்தம் கேட்டால் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். விளையாட்டு புரிந்தது என்று பாப்பா தலையாட்டினாள். கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மா கருவியின் முன் அமர்ந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பாப்பா ஒரு கட்டையைப் போட்டாள்.

சிறிது நேரம் கழித்து இன்னொன்று. உடனே இன்னும் இரண்டு.

“கேட்குது!” பஞ்சுவுக்குக் குரல் உடைந்தது. “டாக்டரம்மா, அவளுக்குக் கேட்குதுங்க!”

டாக்டரம்மா திரும்பவில்லை. இரண்டு கையையும் மேஜையிலிருந்து தூக்கிக் காட்டினார்.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க.”

உள்ளே பாப்பா கட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்சுவரைப் பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்தது. பேசினாள். காத்திருந்தாள். சிரித்தாள்.

பஞ்சு உள்ளே ஓடி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கத்தினார். அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளைகள் பேசும் அந்த உரத்த குரலில் சொன்னாள்.

“அப்பா! எனக்குக் கேட்குதுப்பா! ஒரு அக்கா பேசுறா!”

“எங்கம்மா?” உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டார்.

சுவரைக் காட்டினாள்.

“இருட்டா இருக்காம். இனிமே கத்த மாட்டேன், கதவத் திறங்கன்னு சொல்றா.”

வெளியே டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். “இப்படியே எழுதி அனுப்பினா, பிள்ளைக்குக் கேட்குது, ஆபரேஷன் வேண்டாம்னு முடிச்சிடுவாங்க. நான் பார்த்ததை எழுதாம இருக்கவும் முடியாது. என்னங்க இது?”

பஞ்சு நடந்ததைச் சொன்னார். மெத்தையை, தாழ்ப்பாளை, இருட்டில் கேட்ட மூச்சை. ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அன்று அவர் அந்த அறைக்குள் மறுபடி போகவில்லை.

சுவரைப் பிரிக்கப் போகிறார்கள் என்று புரிந்ததும் பாப்பா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “வேண்டாம்ப்பா. அக்கா போயிடுவா. அப்புறம் எனக்கு ஒண்ணுமே கேட்காது.”

ஒன்றரை வருடத்தில் அவள் காதில் விழுந்த ஒரே குரல் அது. அதைப் பிடுங்கப் போகிறவர் பெற்ற அப்பா. பஞ்சு குலுங்கி அழுதார். அழுதுகொண்டே சுத்தியலை எடுத்தார்.

ஜிப்சம் போயிற்று. சட்டம் போயிற்று. முதல் மெத்தை, இரண்டாவது மெத்தை. கம்பளி வாடை தொண்டையை அடைத்தது. மூன்றாவது மெத்தையின் ஆணிகளை மைத்துனன் பிடுங்க, பஞ்சு விளிம்பைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் ஒன்றுமில்லை. வெறும் செங்கல்.

“மாமா…” மைத்துனன் கிசுகிசுத்தான். “மீட்டரப் பாருங்க.”

தரையில் கிடந்த மீட்டரில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பது. அறுபது. எண்பத்தைந்து. ஒரு குழந்தை தொண்டை கிழியக் கத்தினால் எவ்வளவு காட்டுமோ அவ்வளவு. அறையில் ஒரு சத்தமும் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

வாசற்படியில் பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தொண்ணூற்றாறு.

பிறகு எண்கள் மளமளவென்று இறங்கின. முப்பத்தொன்றில் நின்றன. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

இரண்டு நாள் தூங்காமல் உள்சுவரை முறைப்படி புதிதாக எழுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. டாக்டரம்மா மறுபடி பரிசோதித்தார். கருவியின் கடைசி அளவு வரை ஏற்றினார். பாப்பா கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்திருந்தாள். ஒரு கட்டைகூட விழவில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார். “இதைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க. ஆபரேஷன் நடக்கும்.”

பஞ்சுவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கூடவே, மகளிடமிருந்து எடுத்ததை நினைத்து வலித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் வந்தவர், பொறுக்க முடியாமல் முட்டி போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“அக்கா குரல் இப்பக் கேட்குதாம்மா?”

“இல்லப்பா.”

“அப்பா மேல கோபமா?”

அவள் சிரித்தாள். அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்கிற சிரிப்பு.

“அவ இப்ப எதுக்குப்பா கத்தணும்? அதான் என் கையப் பிடிச்சிருக்காளே.”

அப்போதுதான் பஞ்சு அவளுடைய இன்னொரு கையைப் பார்த்தார். உடம்பை விட்டுச் சற்று விலகி, பாதி மூடிய நிலையில் இருந்தது. புறங்கையில் வரிசையாக நான்கு இடத்தில் தோல் அழுந்தி வெளுத்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சிறுமியின் விரல் நுனி அளவு.

அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

கை வரவில்லை.