பன்னிரண்டாங்கட்டையில் சொன்ன வார்த்தை

பன்னிரண்டாங்கட்டை என்றால் கோலாலம்பூரிலிருந்து பன்னிரண்டாவது மைல். அந்த மேட்டை ஏறி முடித்ததும் என் பேபி காருக்கு மூச்சு வாங்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி கிளம்பும். மேட்டின் உச்சியில், ரப்பர் மரங்களை ஒட்டி, இராஜம்மா அக்காவின் தேத்தண்ணிக் கடை. நான் காரை விட்டு இறங்குவதற்குள் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரோடு வந்து நிற்பார்.

"வந்துருச்சா ஒன்னோட கட்டெறும்பு?"

தினமும் இதே கேலிதான். ஊற்றிவிட்டு ஒரு குவளை இஞ்சித் தேத்தண்ணி கொடுப்பார்.

எனக்கு வீடு கிள்ளானில், வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கூடத்தில். இருபத்தொரு மைல். ரயில் இருக்கிறதே என்பீர்கள். ரயில்காரன் மணி அடித்தால் நான் ஏன் ஓட வேண்டும்? எனக்குக் காத்திருக்கத் தெரியாது, அவ்வளவுதான். தோட்டத்துக் குமாஸ்தாவாக இருந்த யோகநாதன் கிராணி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனபோது அவருடைய பழைய காரை வாங்கிக்கொண்டேன். நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம். வேகமும் கிடையாது. ஆனால் ஒரு கேலன் பெட்ரோல் எண்ணெயில் நாற்பது மைல் ஓடும். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு பிரம்பு வைத்திருந்தேன். அதில் கத்தியால் கோடுகள் கீறியிருந்தேன், ஒரு கோட்டுக்குப் பத்து மைல். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து உருட்டிவிடுவேன். இறக்கத்தில் எதற்கு எண்ணெய்?

இராஜம்மா அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் லெட்சுமிக்கு அப்போது ஆறு வயது. தினமும் அவளைப் பற்றித்தான் கேட்பார்.

"பாப்பாவ ஒரு நாளு கூட்டியாந்து காட்டேன் தம்பி."

"கூட்டிட்டு வரேங்க்கா."

"ரெண்டு வருசமா இதத்தான் சொல்ற."

"வரேங்க்கா" என்று சிரித்துக்கொண்டே ஹேண்டிலைச் சுற்றுவேன். "வா தம்பி" என்பார். இறக்கத்தில் உருண்டு போய்விடுவேன். எனக்குத்தான் எப்போதும் அவசரமாயிற்றே.

முப்பத்துநாலாம் வருஷம், டிசம்பர் மழை. ஒரு சாயங்காலம் கடை வாசலில் கூட்டம். மலைக்காய்ச்சல், மூன்றே நாளில் முடிந்துவிட்டது என்றார்கள். அவருடைய புருஷன் நாகையா, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி என்பதால் முகம் நிறைய மஞ்சள், பெரிய குங்குமம், தலையில் பூ. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு துணியால் முடிந்திருந்தார்கள். கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இருட்டுவதற்குள் கிள்ளான் போய்ச் சேர வேண்டுமே என்றும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் திரும்பினேன். இரண்டு வருஷப் பழக்கம். நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வரேங்க்கா."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே "வரேன்" என்பது இன்னொரு சாவைக் கூப்பிடுவது. நாகையா தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னா வார்த்த சொல்லிட்ட சபாபதி?" என்று கேட்டார். காரைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். என் மனைவி தனலெட்சுமியிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மறுநாள் காலை கடை மூடிக் கிடந்தது. பாட்டிலில் கொண்டுபோயிருந்த தண்ணீரை நானே ஊற்றிக்கொண்டேன். வழக்கம்போல எஞ்சினை அணைத்து இறக்கத்தில் உருட்டினேன். எஞ்சின் சத்தம் நின்றால் அந்த இடத்தில் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

இஞ்சி வாசனை வந்தது.

பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. கார் லேசாக இடது பக்கம் சாய்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அச்சுக்கூடத்து வாசலில் இறங்கிப் பார்த்தபோது அந்த சீட் ஈரமாயிருந்தது. கூரைத் துணியில் ஓட்டை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு திரும்பி டாங்கியில் பிரம்பை விட்டுப் பார்த்தால் ஒரு கோடு கூடுதலாக இறங்கியிருந்தது. குழாயைக் கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன். எங்கேயும் ஒழுகவில்லை. அடுத்த வாரம் இரண்டு கோடு கூடுதல். ஒரு ஆளை ஏற்றினால் அவ்வளவு குடிக்குமா? இரண்டு ஆளை ஏற்றினாலும் குடிக்காது. பிறகு பிரம்பை விட்டுப் பார்ப்பதற்கே கை கூசியது.

அந்த நேரத்தில்தான் லெட்சுமிக்குத் தொண்டை கட்டியது.

முதலில் சளி என்று நினைத்தோம். இரண்டு நாளில் குரலே நின்றுபோயிற்று. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. கிள்ளானில் பார்த்த டாக்டர் தயங்கவே இல்லை. தொண்டை அடைப்பான், ஊசி மருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, இன்றைக்கே போட வேண்டும் என்றார். "சாயங்காலத்துக்கு மேல நான் ஒன்னும் சொல்ல முடியாது" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

மணி மூன்று. ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது ஐந்துக்கு மேல்.

பிரம்பை விட்டுப் பார்த்தேன். இரண்டரைக் கோடு, இருபத்தைந்து மைலுக்கு ஆகும். போக வேண்டியது இருபத்தொன்றுதான். எண்ணெய்க் கடை எதிர்த்திசையில் இருந்தது. அங்கே போய்வரப் பொறுமை இல்லை. பழைய கணக்கு மனசில் இருந்ததே தவிர, கூட ஏறுகிறவரின் கணக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மடையன் நான்.

தனலெட்சுமி பிள்ளையோடு முன்சீட்டில் ஏறப் போனாள்.

"பின்னால ஒக்காரு!"

"எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?"

"சொன்னாக் கேளு தனம். முன்னால வேண்டாம்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினாள்.

வானம் கரியாய்க் கறுத்திருந்தது. நாலு மைல் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் லெட்சுமி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விடுவது மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நானும் மூச்சு விடவில்லை. "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்று தனலெட்சுமி சொல்லிக்கொண்டே இருந்தாள். மிதித்த மிதியில் அந்தக் கட்டெறும்பு எவ்வளவுதான் ஓடும்?

பன்னிரண்டாங்கட்டை மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் இருமியது.

இன்னொரு முறை இருமியது.

நின்றுவிட்டது.

இறங்கி பிரம்பை விட்டேன். காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது. ஒன்பது மைலில் இருபத்தைந்து மைல் எண்ணெயும் போயிருந்தது.

முன்னாலும் பின்னாலும் ஒரு லோரி கூட இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு முழம் போயிற்று. கால் வழுக்கி ஒரு முழம் பின்னால் வந்தது. மறுபடி தள்ளினேன். உச்சிக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இறக்கம், அடிவாரத்தில் சீனன் கடை, அங்கே டின்னில் எண்ணெய் விற்பான்.

"என்னங்க! இவ ஒதடெல்லாம் நீலமா ஆகுதுங்க!"

அப்போதுதான் நான் உடைந்தேன். காரில் நெற்றியை முட்டிக்கொண்டு, மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டு, உச்சியைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! வரேன்னு சொன்னது நான்தான்! என்னைய எடுத்துக்க! எம்புள்ளைய விட்டுரு! கூட்டியாந்து காட்டுறேன்னு சொன்னேன்ல? கூட்டியாந்துட்டேன்க்கா, பாத்துக்க! பாத்துட்டு விட்டுரு!"

"யாரக் கூப்புடுறீங்க?" என்று தனலெட்சுமி அழுதாள்.

மறுபடி தோளைக் கொடுத்தேன்.

கார் இலேசாகிவிட்டது.

நான் தள்ளவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பின்னால் ஒரு சத்தம் வந்தது.

தொப்.

கொஞ்சம் நின்று, மறுபடி.

தொப்.

நடக்கிற சத்தம் இல்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, சேர்த்து வைக்கிற சத்தம். இஞ்சி வாசனையோடு மஞ்சள் வாசனையும் வந்தது. திரும்பாதே, திரும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொப். தொப். தொப்.

உச்சி வந்தது. பூட்டிக் கிடந்த கடையைக் கடந்ததும் கார் தானாக இறங்கத் தொடங்கியது. தாவி உள்ளே ஏறினேன். அப்போது தனலெட்சுமி பின்பக்கக் கண்ணாடி வழியாக யாருக்கோ கை கூப்புவது தெரிந்தது.

"ரொம்பப் புண்ணியம்க்கா! போயிட்டு வ..."

"சொல்லாத!" என்று அலறினேன். அவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அவள் மடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. இரண்டு நாளாக ஒரு சத்தம் கூட எழும்பாத தொண்டையிலிருந்து, மணி மணியாக.

"வரேன் பெரியம்மா."

இறக்கம் முழுக்க எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அடிவாரத்துக் கடைக்காரன், அந்தச் சீனத் தவுக்கே, என் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய் ஊற்றினான். தனலெட்சுமி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாவம்ங்க அந்தம்மா. அந்த மழையில தனியா தள்ளுனாங்க. பல்வலி போல, தாடையச் சுத்தி வெள்ளத் துணி கட்டிருந்தாங்க."

லெட்சுமி பிழைத்தாள். சரியான நேரத்தில் ஊசி போட்டார்கள். இன்னும் கால் மணி போயிருந்தால் அவ்வளவுதான் என்று நர்ஸ் சொன்னபோது ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அந்த அக்காவுக்குக் கோடி கும்பிடு போட்டேன். பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டார், பார்த்துவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நாகையாவைப் பார்க்கத் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"குழியில எறக்குறதுக்கு முன்னால கட்டெல்லாம் அவுத்துறணும் தம்பி. வாய்க்கட்டு, கால்கட்டு எல்லாம். நீ சொன்ன அந்த வார்த்தையில எல்லாரும் வெலவெலத்துப் போயி, மழையில அவசர அவசரமா மூடிட்டோம். கால்கட்ட யாரும் அவுக்கல. அதனாலதான் அவளால தூரம் போக முடியல. இந்த மேட்டோட நிக்கிறா."

"என் காருல வந்தாங்களே?"

"ஒன்னோட காருலதான வந்தா. அவளா நடந்து வரலையே?"

அன்றைக்கே காரை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். சக்கரங்களைக் கழற்றி, செங்கல் மேல் ஏற்றி, டாங்கியை வடித்துக் காயவிட்டேன். இப்போதெல்லாம் ரயிலில்தான் போகிறேன். ரயில்காரன் மணி அடித்தால் ஓடுகிறேன். காத்திருக்கக் கூடக் கற்றுக்கொண்டேன். வீட்டில் யாரும் "வரேன்" என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். தனலெட்சுமி திட்டுகிறாள். திட்டட்டும்.

நேற்று இரவெல்லாம் மழை. இன்று விடிந்ததும் வாசல் கதவைத் திறந்தேன்.

சேற்றில் காலடித் தடங்கள் இருந்தன. எல்லாம் ஜோடி ஜோடி, இரண்டு பாதமும் ஒட்டினாற்போல. சாலையிலிருந்து வரவில்லை. கார்க் கொட்டகையிலிருந்து கிளம்பி, லெட்சுமி படுக்கும் ஜன்னலடியில் வந்து நின்றிருந்தன. அன்று மேட்டில் தள்ளிவிட்டுக் காரில் மறுபடி ஏறிக்கொண்டவர், இத்தனை நாளும் அதை விட்டு இறங்கவே இல்லை.

ஜன்னலடியிலிருந்து தடங்கள் தொடர்ந்தன. ஆனால் அங்கிருந்து ஜோடியாக இல்லை. ஒரு கால், அடுத்து மறுகால். நல்லபடியாக நடந்து, வீட்டைச் சுற்றி, நான் நின்றுகொண்டிருந்த வாசற்படி வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் எதுவும் இல்லை.

உள்ளே ஓடினேன். லெட்சுமி பாயில் உட்கார்ந்து எதையோ விரலில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். மண் படிந்த வெள்ளைத் துணி. நடுவில் அவிழ்த்த முடிச்சின் சுருக்கம் அப்படியே இருந்தது.

"பாவம்ப்பா, காலக் கட்டி வெச்சிருந்தாங்க. ஜன்னல் வழியா நீட்டுனாங்க. நாந்தான் அவுத்து விட்டேன்" என்றாள்.

அடுக்களையிலிருந்து இஞ்சி வாசனை வந்தது. தனலெட்சுமி இன்னும் எழுந்திருக்கவில்லை.