லைட்டு எரியுது... நெட்வொர்க் இல்லை!

"யாரு இந்த நெட்வொர்க் கார்டை மாட்டினது?"

நாச்சியார் போட்ட சத்தத்தில் லைனே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் ஐ.டி. சப்போர்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து நெட்வொர்க் இல்லை. லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. வெளியே மழை வேறு கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது...

"நான்தாங்க."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. முதலில் தெரிந்தது கண்கள்தான். திட்டு வாங்கும்போதுகூடச் சிரிக்கிற கண்கள்! யாரப்பா இது... மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் ஆள் வேதகிரி, சேரப்பணஞ்சேரிக்காரன் என்று பக்கத்திலிருந்த பிரவீனா காதைக் கடித்தாள்.

"பழைய கார்டு செத்துப்போச்சு, புச்சு போட்டேன். பாருங்க... பச்சை லைட்டு கண்ணடிச்சிகினு கீது."

"கண்ணடிச்சாப் போதுமா? வேலை பாக்க வேண்டாமா?" என்றாள் வெடுக்கென்று. "தப்பான கார்டைப் போட்டிருக்கீங்க!"

அந்த நேரம் பார்த்துத்தானா சூப்பர்வைசர் ஜெபகுமார் பின்னால் வந்து நிற்க வேண்டும்!

"தப்பான கார்டா? கான்ட்ராக்ட் ஆளுதானே... நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடறேன்." போனை எடுத்துக்கொண்டே நகர்ந்தார்.

நாச்சியாருக்குத் திக்கென்றது. என் ஒரு வார்த்தைக்கு ஒருத்தர் வேலை போகுமா? அவசரமாகக் கீபோர்டைத் தட்டினாள். வேதகிரியோ கோபிக்கவேயில்லை. கறுப்புத் திரையில் ஓடிய எழுத்துகளை வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"நீங்க இன்னா கேக்கறீங்க? அது இன்னா சொல்லுது?"

"எந்தக் கார்டு இருக்குன்னு கேக்கேன்... அது பேரைச் சொல்லுது."

"கார்டுக்குப் பேருகூட கீதா!"

இருந்தது. புதுக் கார்டு நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தது. வேறு இடத்தில் செருகியதால் அதற்கு வேறு பெயர் வந்துவிட்டது. செட்டிங்கிலோ அவளே எழுதிவைத்த பழைய கார்டின் பெயர்! இல்லாத கார்டைக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு முகம் சுட்டது. பெயரை மாற்றினாள்... நெட்வொர்க்கை மறுபடி எழுப்பினாள்... பிரிண்டர் கடகடவென்று லேபிளைத் தள்ளியது.

"அப்ப தப்பு..." என்று இழுத்தான்.

"என்னோடதுதான்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளை நிரந்தரமாக்கும் பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டியவர் இதே ஜெபகுமார்... ஆனாலும் ஓடினாள். கான்ட்ராக்டரின் போன் கிடைக்காமல் அவர் மறுபடி நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"சார், போன் பண்ணாதீங்க! அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க. நான்தான் பாக்காமலே வாயை விட்டுட்டேன்."

ஜெபகுமார் முறைத்தார். "இனிமே பாத்துட்டுப் பேசும்மா. பேப்பர் விஷயத்தை நான் யோசிக்கணும்." போன் பைக்குள் போனது. அவளுக்கு அது போதும்.

சாயங்காலம், கம்பெனி பஸ் நிற்கும் ஷெட்டில் வேதகிரி நனைந்தபடி வந்து நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நான் யாருன்னே தெரியாது... எதுக்குங்க அப்பிடி ஓடினீங்க?"

அவள் மழையைப் பார்த்தாள்.

"அவரு போனை எடுத்தப்ப எனக்கு வேலையப் பத்தி நெனப்பே வரல," என்றான் மெதுவாக. "வேற கம்பெனி கெடைக்கும்... உங்களை எங்க போய்த் தேடுவேன்?"

நாச்சியார் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் இப்போது சிரிக்கவில்லை... காத்திருந்தன.

"அதுக்குத்தாங்க ஓடுனேன்," என்றாள்.