மதிப்பு ஒரு காசு

தன் இருபது வருஷ விசுவாசத்துக்குக் கணக்கர் ஒரு காசு விலை போட்டார். தேய்ந்து முடிந்த சாமானையும் ஏட்டில் நிறுத்தி வைக்க ஒரு காசு மதிப்பு எழுதுவது அந்தப் பெயிண்டுக் கடை வழக்கம். கணினியில் இருந்த சொத்துப் பட்டியலில் பழைய தராசு, ஓடாத மின்விசிறி, அவற்றுக்குக் கீழே "கணக்கர், ஒன்று" என்று அவரே தட்டிவிட்டார்.

எல்லாம் வயிற்றெரிச்சல்தான். வரவு செலவைப் படித்து, லாபம் எங்கே ஒழுகுகிறது என்று வாய்விட்டுச் சொல்லும் கணினி வந்ததிலிருந்து முதலாளி அதையேதான் கொஞ்சினார்.

"நீ என்ன சொல்றே, ராசா?"

இவரை ஒருநாளாவது ராசா என்றதுண்டா? வெறும் "அண்ணே"தான். மனுஷனுக்கும் மரச்சாமானுக்கும் வித்தியாசம் தெரியாமல் அந்த வரியையும் வாசித்து, முதலாளி முன்னால் அந்தக் கணினியின் மானம் சந்தி சிரிக்கட்டும்.

மறுநாள் மாலை, டர்பன்டைன் வாடையும் ஈரச் சாக்கின் புழுக்கமும் மூக்கை அடைக்க, டப்பா அடுக்குகளின் நிழல் மேசை வரை நீண்டு கிடக்க, தராசு இருந்த மூலையில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் பளபளப்பதைக் கணக்கர் பார்த்தார்.

"தராசு எங்கே முதலாளி?"

"எந்தத் தராசு அண்ணே? நம்ம கடையில ஏது தராசு?" முதலாளி கணினிப் பக்கம் திரும்பினார். "வீணாக் கிடக்குறதைக் கழிக்கச் சொன்னேனே, முடிஞ்சுதா ராசா?"

"ஒவ்வொன்றாகக் கழிக்கிறேன், முதலாளி."

கணக்கர் அண்ணாந்தார். மின்விசிறி தொங்கிய உத்தரத்தில் கொக்கி மட்டும் இருந்தது.

பட்டியலில் அடுத்த வரி அவர்.

அந்த வரியை அழிக்க விசைப்பலகைமேல் பாய்ந்தார். விரல் அழுத்தியது. விசை இறங்கவில்லை. மறுபடியும். இறங்கவில்லை.

"முதலாளி! அது நான்தான் விளையாட்டா..."

முதலாளி நிமிரவில்லை. ஒரு பெயிண்டு டப்பாவைத் தூக்கி வந்து, கணக்கர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தார். அவர் மடியில்தான் வைத்தார். கனமே இல்லை.

கணினி தொண்டையைக் கனைத்தது. கெட்ட சேதி சொல்லுமுன் கணக்கர் கனைப்பாரே, அதே கனைப்பு.

கணினியைப் பார்த்து முதலாளி முகம் மலர்ந்தது. "சொல்லுங்க அண்ணே."

திரையில் ஒரே ஒரு வரி.

கணக்கர், ஒன்று. மதிப்பு: ஒரு காசு. கழிவு: ஒரு காசு. மீதி: இல்லை.