படத்தில் இருந்த விரிசல்

படத்தில் விரிசல் இருந்தது. மேசையில் இருந்த தலைக்கவசத்தில் இல்லை.

புஸ்பவதி கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பூதக்கண்ணாடியை விளக்குக்குக் கீழே இழுத்து முதலில் படத்தைப் பார்த்தாள், பிறகு தலைக்கவசத்தை, பிறகு மறுபடி படத்தை. 1981ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பத்திரிகைக்காரர் எடுத்த வண்ணப்படம் அது. அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஓர் இளைஞன், முதுகு இலக்கம் ஐம்பத்திரண்டு, சேற்றுப் புல்லில் ஒற்றை முழங்காலை ஊன்றிக் கமராவையே பார்க்கிறான். அன்று மாலையே ஆசுப்பத்திரியில் செத்துப்போனான். அவன் தலையில் இருக்கும் நீலக் கவசத்தில், நெற்றி விளிம்பில் தொடங்கி உச்சி வரைக்கும், வகிடு எடுத்ததுபோல ஒரு விரிசல்.

மற்ற அடையாளங்கள் பொருந்தின. இடது காதுத் துளைக்கு மேல் பிறை போன்ற ஒரு வெட்டு. பின்பக்கத்தில் ஒன்றையொன்று தொடாத மூன்று கீறல்கள். இலக்கம் ஒட்டிய தாளின் மூலை உரிந்துபோன விதம். இப்படி இரண்டு கவசங்களுக்கு ஒரே மாதிரி அடி விழாது. ஆகவே அதே கவசம்தான். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலவறைப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஆனால் வெடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடந்து தானாக ஒட்டிக்கொள்ளாது.

"பூசி மறைச்சிருப்பாங்கள் அன்ரி," என்றான் தபோதரன், ஜாக்கெட்டை மாட்டியபடி.

அந்த நிறுவனம் அவனுடையது. ஜெர்மனியில், கொலோன் நகரத்தின் வடபுறத்தில் பழைய அச்சகமொன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். ஆட்டத்தில் உண்மையாகவே அணிந்தது என்று சொல்லி ஆட்கள் கொண்டுவரும் சாமான்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அதேதான் அல்லது அதில்லை என்று எழுதிக் கொடுப்பது தொழில். புஸ்பவதியை அவன் கூட்டித் துடைக்கத்தான் எடுத்தான். ஒருநாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அவனும் இன்னொருவனும் இரண்டு கிழமை தேடிய கீறலை ஈரத்துணியோடேயே தொட்டுக் காட்டினாள். எழுத்துத் தெரியாத காலத்தில் மருந்துப் பெட்டியையும் ட்ராமையும் வீட்டுக்கு வரும் கடிதத்தையும் மூலை, வளைவு, கறை பார்த்தே பிரித்தறிந்தவளுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. இப்போது படிவத்தின் அடியில் அவளுடைய கையெழுத்துத்தான் விழுகிறது.

"பூசியிருந்தா விரலுக்குத் தெரியும் தம்பி. உள்ளுக்கும் தடவிப் பாத்திட்டன். இந்தா, இதுவும் பிழை. இதுவும் பிழை. மூண்டு பிழை," என்று திருகாணியையும் வலப்பக்கத்தையும் தொட்டுக் காட்டினாள்.

"முப்பத்தொண்டு சரி, மூண்டு பிழை. நீங்கள் இல்லையெண்டு சொல்லுறதுக்கெண்டே பிறந்தனீங்கள்."

"முப்பது வருசமா எல்லாத்துக்கும் ஓமெண்டுதான் சொன்னனான். வாசிக்கத் தெரியாம எத்தினை தாளில கையெழுத்து வச்சனான் எண்டு உமக்குத் தெரியாது. இனி ஏலாது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "அந்த மனிசிக்கு எண்பது வயசு அன்ரி. செத்தவன்ர அக்கா. பான் நகரத்தில தனிய இருக்கிறா. தம்பியின்ர அறையை இன்னும் அப்பிடியே வச்சிருக்கிறாவாம். இதைக் கொண்டுபோய் அவன்ர கட்டில்லதான் வைக்கப் போறாவாம். நான் ஸ்டேஷனில போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்குள்ள இன்னொருக்காப் பாருங்கோ."

"பாக்கிறன். இல்லாததை இருக்கெண்டு எழுத மாட்டன்."

மரப்படிகளில் அவனுடைய காலடி இறங்கிப்போனது. கீழ்க்கதவு அடித்து மூடியது. மணி நாலே கால்தான். ஆனால் மார்கழி மாதத்து வெளிச்சம் அதற்குள்ளேயே சுருங்கி, யன்னல் கண்ணாடியில் நீலமாக ஒட்டிக்கொண்டு, பிறகு அதுவும் இல்லாமல் போனது. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சுவரோரத்துச் சூடாக்கி இடைக்கிடை டிக் டிக்கென்று முனகியது. விளக்கின் சூடு ஏற ஏறக் கவசத்துக்குள் இருந்து நிலவறையின் பூஞ்சண மணமும், அதற்கு அடியில் பழைய வியர்வையில் ஊறிய தோலின் புளித்த மணமும், அதற்கும் அடியில் பெயர் சொல்லத் தெரியாத இன்னொன்றும் மெல்ல மெல்ல எழுந்து மேசைக்கு மேல் நின்றது.

வழக்கமாக இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படத்தைப் பார்த்து அடையாளத்தை உரக்கச் சொல்ல, மற்றவர் கவசத்தில் விரலை வைத்து "இருக்கு" அல்லது "இல்லை" என்பார். கண் தன்னையே ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்த முறை. இன்று அவள் தானே சொல்லித் தானே பதில் சொன்னாள்.

"பிறை வெட்டு. இருக்கு. பின்பக்கம் மூண்டு கீறல். இருக்கு."

ஆளில்லாத அறையில் தன் குரல் அவளுக்கே கொஞ்சம் அந்நியமாகக் கேட்டது.

"முகக்கம்பியின்ர இடப்பக்கத் திருகாணி. படத்தில அதின்ர வெட்டுச் சரிஞ்சு நிக்குது. இதில படுத்துக் கிடக்குது. இல்லை."

பென்சிலால் ஒரு வட்டம் கீறி, அதன் நடுவே படுக்கைக் கோடு ஒன்றை இழுத்து வைத்துவிட்டு, தேத்தண்ணீருக்குக் கொதிகேத்திலைப் போட எழுந்தாள். முதுகுப் பக்கம் ஒரு சத்தம். மிகச் சின்னது. துருப்பிடித்த ஆணி மரத்துக்குள் திரும்பினால் வருகிற மாதிரி.

திரும்பி வந்து பார்த்தாள். திருகாணியின் வெட்டுச் சரிந்து நின்றது.

பென்சில் படத்தைப் பார்த்தாள். படுக்கைக் கோடு. அவளே கீறியது. அவள் கண் இந்த வயதிலும் அவளுக்குப் பொய் சொன்னதில்லை. மேசை நடுங்கியிருக்கலாம், ட்ராம் போயிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தத் தெருவில் ட்ராம் இல்லை என்பதும் கூடவே வந்தது.

கதவுப் பக்கம் போகக் கால் எழுந்தது. அவள் போகவில்லை. கதிரையை இழுத்துக் கவசத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "திருகாணி திரும்பும். அது பெரிய விசயமில்லை. வலது காதுக்கு மேல சிவப்புக் கறை. எதிர் அணிக்காரன்ர ஹெல்மெட் இடிச்சதில ஒட்டின பூச்சு. படத்தில இருக்கு. இதில இல்லை."

அடி விழுந்தது.

அறைக்குள் அல்ல, கவசத்துக்குள்ளே, எங்கோ தூரத்தில் இரண்டு கனமான மண்டைகள் மோதியதுபோல. கவசம் மேசையில் ஓர் அங்குலம் நகர்ந்தது. ஈரப்புல்லின் மணம் குப்பென்று வந்தது. பெயர் தெரியாமல் இருந்தது அதுதான். மிதிபட்ட புல்லும், சேறும், அதோடு இரும்பு நக்கினால் நாக்கில் வருகிற சுவையும்.

வலது காதுக்கு மேல் சிவப்பு. விரலை வைத்தாள். விரலில் ஒட்டியது.

இப்போது அவளுக்கு விளங்கியது. நடுக்கத்துக்கு முன்னால் விளக்கம்தான் வந்தது. எது குறை என்று அவள் சொல்லச் சொல்ல, அது கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதுதான் அது என்று யாராவது எழுதித்தர வேண்டும் அதற்கு. எழுதித் தந்தால் ஒரு வீடு கிடைக்கும். பானில் ஓர் அறை, ஒரு கட்டில், பக்கத்து அறையில் எண்பது வயதில் தனியாகத் தூங்கும் ஒரு மனிசி.

வாயை இறுக்கி மூடினாள். மூன்றாவது குறையைச் சொல்லப் போவதில்லை. பல்லை உடைத்தாலும் சொல்லப் போவதில்லை.

"என்னை வெருட்டாதை," என்று மட்டும் சொன்னாள். "இதை விடப் பெரிய வெருட்டெல்லாம் பாத்திட்டுத்தான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினனான்."

கைபேசி அடித்தது. கையில் சிவப்பு இருந்ததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். தபோதரன்.

"அன்ரி, அவவைக் கூட்டிக்கொண்டு வாறன். பனிக்குள்ள கொஞ்சம் மெதுவா. எப்பிடி, திரும்பப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். அவவைக் கூட்டிக்கொண்டு வராதையும்."

"என்ன விசர்க் கதை. காருக்குள்ள இருக்கிறா. தம்பியின்ர சின்ன வயசுப் படமெல்லாம் கொண்டு வந்திருக்கிறா."

"திருப்பி ஏத்தி அனுப்பும். பொருந்தேல்லை."

"மூண்டும் குறையோ?"

"இல்லை. இப்ப ஒண்டுதான்."

"திருகாணியும் கறையும் சரிவந்திட்டுதோ? அப்ப அந்த விரிசல் மட்டும்தானே குறை, நெத்தியில இருந்து உச்சி வரைக்கும்..."

"தம்பி, வாயை மூடும்."

பிந்திவிட்டது. குளத்துப் பனிக்கட்டி வெடிக்கிறதுபோல நீண்ட ஒரு சத்தம், நெற்றியில் தொடங்கி, நிதானமாக, வழி தெரிந்த மாதிரி உச்சி நோக்கிப் போனது. அவள் கண்ணெதிரே நீலம் பிளந்தது.

"என்ன சத்தம் அது?" என்றது கைபேசி.

அதை அணைத்தாள்.

முப்பத்துநாலு அடையாளம். முப்பத்துநாலும் சரி.

படிவம் முன்னால் கிடந்தது. அதே கவசம், அதே கவசம் அல்ல. இரண்டு பெட்டிகள். இரண்டாவதில் புள்ளடி போட்டால் போதும், அவ்வளவுதான். ஆனால் அது பொய். பொய்யான தாளில் இனிக் கையெழுத்து வைப்பதில்லை என்று சொன்னவள் அவள். முதலாவதில் போட்டால் அது உண்மை. அந்த உண்மை அக்காவின் மடியில் ஏறி இன்று பானுக்குப் போகும். இரண்டுக்கும் ஏலாது. உண்மையான ஒரு குறை வேண்டும். ஒன்றே ஒன்று.

பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நாடிப் பட்டி. சரி. பொத்தான்கள். சரி. சேறு கூட இப்போது கவசத்தில் அதே இடத்தில் இருந்தது, ஈரமாக. கம்பி. கம்பிக்குப் பின்னால்...

அங்கே நின்றாள்.

கம்பிக்குப் பின்னால் படத்தில் ஒரு முகம் இருந்தது. மேசையில் இருப்பதற்குள் வெறும் இருட்டு.

வாயைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். சொல்லக் கூடாது. எழுதலாம். காரணம் என்ற கோட்டில் டொச்சு மொழியில் எழுதத் தொடங்கினாள்: படத்தில் முகம் உண்டு, கவசத்தில் இல்லை. கடைசி எழுத்தில் பேனா நின்றபோதுதான் தன் உதடுகள் அசைந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. நாற்பத்துமூன்று வயதில் எழுத்துப் படித்தவள். ஒவ்வோர் எழுத்தையும் வாயால் சொல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. முழுவதையும் சொல்லியிருந்தாள். மெதுவாக. தெளிவாக.

சூடாக்கியின் சத்தம் நின்றது.

இருட்டுக்குள் ஏதோ நிரம்பியது. கிணற்றில் தண்ணீர் ஏறுவதுபோல. முதலில் நாடி. பிறகு சேறு படிந்த கன்னம். பிறகு வெள்ளை. இரண்டு வெள்ளை. அவை திறந்துதான் இருந்தன. எப்போதும் திறந்துதான் இருந்திருக்கின்றன.

அவளைப் பார்த்தன.

கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. சுவர். முதுகில் சுவர். மூச்சு வரவில்லை. வந்தது. கதவு வலப்பக்கம். நாலு எட்டு. போகலாம்.

கீழே கதவு திறந்தது. இரண்டு பேரின் காலடி. ஒன்று இளமை. மற்றது ஒரு படிக்கு ஒருமுறை நின்று, கைத்தடியை ஊன்றி, மறுபடி ஏறியது.

கம்பிக்குப் பின்னால் கண்கள் கதவுப் பக்கம் திரும்பின.

"இஞ்ச பார்," என்றாள் புஸ்பவதி. குரல் உடைந்திருந்தது, ஆனாலும் குரல்தான். "அங்கை இல்லை. இஞ்ச பார்."

மேசைக்குத் திரும்பி வந்தாள். படத்தை எடுத்தாள். புல் இருந்தது. ஒற்றை முழங்கால் இருந்தது. தலைக்கவசம் இருந்தது. கம்பிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஓட்டை. புல்லில் மண்டியிட்டிருந்த உடம்பின் மேல் வெறும் கோது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஒரு முகம்தான். ஒன்றில் வந்தால் மற்றதில் இராது; எந்நேரமும் ஒரு குறை இருக்கும்.

இடது கையை நீட்டிக் கம்பிகளின் இடைவெளிக்குள் கையை நுழைத்து, உள்ளங்கையால் அந்த முகத்தை மூடினாள். குளிர். சேறு. உள்ளங்கையில் இமைமயிர் அடித்தது, பிடிபட்ட பூச்சியைப் போல. கையை எடுக்கவில்லை. வலது கையால் முன்பு எழுதியதை வெட்டிவிட்டு எழுதினாள், ஒவ்வோர் எழுத்தாக, அது கேட்கும்படி, உரக்க.

"கவசத்தில் முகம் உண்டு. படத்தில் இல்லை. பொருந்தவில்லை."

இரண்டாவது பெட்டியில் புள்ளடி போட்டாள். அடியில் தன் பெயரை முழுதாக எழுதினாள்.

கதவுக்கு வெளியே காலடி நின்றது. தபோதரன் ஏதோ சொன்னான். பிறகு கைப்பிடி அசைவதற்கு முன்னால், மூச்சு வாங்கும் ஒரு கிழக்குரல், நாற்பது வருடம் வாய்விட்டுக் கூப்பிடாத தம்பியின் பெயரைத் தணிவாகக் கூப்பிட்டது.

"ஹோல்கர்?"

அவள் உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் பதில் சொல்லத் திறந்தன.

புஸ்பவதி இன்னும் இறுக்கி அழுத்தினாள்.